பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டியும் லினக்ஸ் மின்டும்: புதியவர்களுக்கான செய்முறை

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட், இன்டெலில் 8ஆம் தலைமுறை ப்ராசஸராவது இருக்க வேண்டும். 2012 முதல் 2017 நடுப்பகுதி வரை வாங்கிய லேப்டாப்கள் அநேகமாக எல்லாமே இங்கே அடிபட்டுப் போகின்றன. இவற்றில் பலவற்றில் திரை, கீபோர்டு, ப்ராசஸர் எதிலும் குறையில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் காலை வாருகிறது.

இங்கே சொல்லப்போவது ஒரே வழி. பழைய ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸோடும் ஃபைல்களோடும் அப்படியே கழற்றி எடுத்து வைத்துவிட்டு, சுழலும் பாகமில்லாத புது எஸ்எஸ்டி டிஸ்க்கில், விண்டோஸுக்குப் பதிலான இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் (ஓஎஸ்) லினக்ஸ் மின்ட் போடுவது. ஒரே டிஸ்க்கில் பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பகுதியை) சுருக்கி இரண்டு ஓஎஸ் போடும் வழியைத்தான் பலரும் முதலில் சொல்லித் தருவார்கள். முதல் முறைக்கு அது வேண்டாம். டேட்டா காணாமல் போவது பெரும்பாலும் அந்தப் படியில்தான். டிஸ்க்கையே மாற்றிவிட்டால், நடுவில் என்ன சொதப்பினாலும் பழையதைத் திரும்ப மாட்டிப் பழைய நிலைக்கே போய்விடலாம்.

யாருக்கு ஒத்து வரும்

ப்ரவுசர், யூடியூப், கடிதம், எக்செல் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு, நிரல் எழுதிப் பழகுவது: இவற்றுக்கு மின்ட் தாராளமாகப் போதும். டாலி பிரைம், ஃபோட்டோஷாப், ஆட்டோகேட் இவற்றில் ஒன்றாவது தினமும் வேண்டும் என்றால் மாறாதீர்கள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ‘ஒயின்’ இருக்கிறது. ஆனால் அதை நம்பிக் கடைக் கணக்கு எழுத முடியாது.

பிரிண்டரையும் யோசியுங்கள். எச்பியின் பெரும்பாலான மாடல்கள் சொருகியதும் வேலை செய்யும். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் அலுவலகங்களிலும் எங்கும் பார்க்கிற கேனன் எல்பிபி2900 அப்படியல்ல. அதற்குத் தனி டிரைவர் வேண்டும். அதை நிறுவுவது புதியவர் வேலையல்ல.

ப்ராசஸர் 64 பிட்டாக இருக்க வேண்டும். விண்டோஸில் ‘செட்டிங்ஸ் – சிஸ்டம் – அபௌட்’ பக்கத்தில் ‘எக்ஸ்64 பேஸ்டு ப்ராசஸர்’ என்று இருந்தால் சரி. ‘32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பேஸ்டு ப்ராசஸர்’ என்று இருந்தாலும் சரிதான். போட்டிருக்கிற விண்டோஸ்தான் 32 பிட், ப்ராசஸர் அல்ல. 2 ஜிபி ரேமோடு வந்த இயந்திரங்கள் பலவும் இந்த ரகம். ‘எக்ஸ்86 பேஸ்டு’ என்றே இருந்தால் அது உண்மையான 32 பிட்; அதற்கு மின்ட் 22 இல்லை.

இன்னொரு ரகத்தையும் ஒதுக்கிவிடுங்கள்: 32 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு உள்ள சின்ன லேப்டாப்கள். அந்தச் சிப் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். கழற்றி மாற்ற முடியாது. பலவற்றில் ரேமும் அப்படித்தான்.

பணம் செலவழிக்கும் முன் பென்டிரைவில் ஓட்டிப் பாருங்கள்

எஸ்எஸ்டி வாங்குவதற்கு முன்பே, உங்கள் லேப்டாப்பில் லினக்ஸ் ஒழுங்காக ஓடுமா என்று பார்த்துவிடலாம். இதற்குப் பைசா செலவில்லை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

லினக்ஸ் மின்ட் தளத்திலிருந்து 22ஆம் வரிசையின் ஐஎஸ்ஓ ஃபைலை (நிறுவல் டிஸ்க்கின் முழு நகல்) இறக்குங்கள். ஏறத்தாழ 3 ஜிபி வரும். இந்த வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று பதிப்புகள் இருக்கும். ரேம் 4 ஜிபி அல்லது குறைவு என்றால் எக்ஸ்எஃப்சிஇ. 8 ஜிபி என்றால் சின்னமன். மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான், முகப்பு மட்டும் வேறு. இதில் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இறக்கிய ஃபைல் முழுதாக வந்ததா என்று சரிபார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் விட்டு விட்டு இறக்கியிருந்தால் அவசியம் பாருங்கள். செவன்ஜிப் (ஃபைல்களைச் சுருக்கும் இலவச நிரல்) போட்டிருந்தால் ஃபைல்மேல் ரைட் கிளிக் செய்து ‘சிஆர்சி எஸ்எச்ஏ’ மெனுவில் எஸ்எச்ஏ-256ஐத் தேர்ந்தெடுத்தால் 64 எழுத்துள்ள ஒரு வரி வரும். மின்ட் தளத்தில் அதே பதிப்புக்குக் கொடுத்திருக்கிற வரியோடு முதல் எட்டு, கடைசி எட்டு எழுத்துகள் பொருந்தினால் போதும். இறக்கத்தில் கோளாறு என்றால் வரி முழுவதுமே வேறாக இருக்கும்.

பிறகு ரூஃபஸ்: ஐஎஸ்ஓவைப் பூட் ஆகும்படி பென்டிரைவில் எழுதும் விண்டோஸ் நிரல். பென்டிரைவைச் சொருகி, ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்து, பார்ட்டிஷன் ஸ்கீமில் எம்பிஆர் என்று வைத்து ஸ்டார்ட் அழுத்துங்கள். எம்பிஆர் வைத்தால் பழைய பயாஸ், புதிய யூஇஎஃப்ஐ (ஆன் செய்ததும் ஓஎஸ்ஸுக்கு முன் ஓடும் அடிப்படை நிரலின் இரு வகைகள்) இரண்டிலும் பூட் ஆகும். ஐஎஸ்ஓ மோடா, டிடி மோடா என்று கேட்கும். முதலில் ஐஎஸ்ஓ மோட். அதில் பூட் ஆகவில்லை என்றால் டிடி மோடில் மறுபடி எழுதுங்கள். டிடி மோடில் எழுதிய பென்டிரைவைத் திறந்தால் விண்டோஸ் ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்கும். பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்து ஓகே கொடுத்துவிடாதீர்கள்.

பூட் மெனுவுக்குப் போவது

லேப்டாப்பை ஆன் செய்த உடனே ஒரு கீயைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், ஏசர், தோஷிபா, திங்க்பேட் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஸ்கேப் அழுத்திப் பிறகு எஃப்9, ஆசுஸில் எஸ்கேப். லெனோவோ ஐடியாபேடில் பவர் பட்டன் பக்கத்திலோ ஓரத்திலோ ஊசி நுழையும் அளவில் ‘நோவோ’ பட்டன் ஒன்று இருக்கும். லேப்டாப் ஆஃபாக இருக்கும்போது அதை அழுத்துங்கள். ஏசரில் எஃப்12 வேலை செய்யவில்லை என்றால் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் ‘எஃப்12 பூட் மெனு’ என்பதை எனேபிள் செய்ய வேண்டும்.

பென்டிரைவைத் தேர்ந்தெடுத்ததும் ‘செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்’ என்று சொல்லி அணைந்தால் அது செக்யூர் பூட்டின் வேலை. மின்ட் செக்யூர் பூட்டோடு ஓடக்கூடியதுதான். ஆனால் 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட் பழைய லினக்ஸ் பூட்லோடர்களை (ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்களை) தடுத்துவிட்டது. பழைய ஐஎஸ்ஓ வைத்திருப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். புதிய ஐஎஸ்ஓ இறக்குங்கள், இல்லையென்றால் பயாஸில் செக்யூர் பூட்டை அணையுங்கள். ஏசரில் அந்த வரி மங்கலாக, தொட முடியாமல் இருக்கும். முதலில் ‘சூப்பர்வைசர் பாஸ்வேர்டு’ ஒன்று வைத்தால்தான் திறக்கும். அந்தப் பாஸ்வேர்டை எழுதி வையுங்கள். மறந்துபோனால் பயாஸுக்குள் நுழையவே முடியாது. வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

திரை கறுப்பாகவே நின்றால் ரீஸ்டார்ட் செய்து, மெனுவில் ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ தேர்ந்தெடுங்கள். என்விடியா கார்டு உள்ள லேப்டாப்களில் இது அடிக்கடி தேவைப்படும்.

லைவ் திரையில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

மின்ட் இப்போது பென்டிரைவிலிருந்தே ஓடுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் எதையும் எழுதவில்லை. மெதுவாக இருப்பது பென்டிரைவால்தான். அரை மணி நேரம் ஒதுக்கி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்: வைஃபை, ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் துளை, வெப்கேம், டச்பேடில் இரண்டு விரல் ஸ்க்ரோல், திரை வெளிச்சக் கீகள், மூடியை மூடித் திறந்தால் தூங்கி எழுகிறதா என்பது. பிரிண்டரையும் சொருகிப் பார்த்துவிடுங்கள்.

சிக்கல் வந்தால் அநேகமாக வைஃபையில்தான். பிராட்காம் சிப் உள்ள லேப்டாப்களில் வைஃபை பட்டியலே வராது, டிரைவர் தனியாகப் போட வேண்டும். டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்ற சுழலில் சிக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து ‘யூஎஸ்பி டெதரிங்’ ஆன் செய்யுங்கள். லேன் கேபிள் போட்டதுபோல உடனே நெட் வந்துவிடும். பிறகு ‘டிரைவர் மேனேஜர்’ திறந்து பிராட்காம் டிரைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். (சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் டெதரிங் வராது.)

2014–2016 காலத்துச் சில மாடல்களில் ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ சிப் இருக்கும். வைஃபை வரும், ஆனால் ரௌட்டர் பக்கத்தில் இருந்தால் மட்டும். சிப்பில் இரண்டு ஆன்டெனா இணைப்புகள் இருக்க, தயாரிப்பாளர் ஒன்றில் மட்டும் ஒயர் மாட்டியிருப்பார். டிரைவர் மற்றதில் தேடிக்கொண்டிருக்கும். எந்த ஆன்டெனா என்று டிரைவருக்குச் சொல்லும் ஒரு வரி அமைப்பால் சரியாகும். அது சிரமம் என்றால் லினக்ஸில் நேரடியாக ஓடும் சின்ன யூஎஸ்பி வைஃபை வாங்குங்கள். உள்ளே இருக்கும் வைஃபை கார்டையே மாற்ற நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பழைய எச்பி, திங்க்பேட் மாடல்கள் சில, தங்கள் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் பூட் ஆகவே மறுக்கும்.

லைவ் திரையிலேயே ‘டிஸ்க்ஸ்’ நிரலைத் திறந்து, பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மெனுவில் ‘ஸ்மார்ட் டேட்டா’ (டிஸ்க் தன் உடல்நிலை பற்றி வைத்திருக்கும் பதிவு) பாருங்கள். ‘ரீஅலோகேட்டட் செக்டார்’, ‘கரண்ட் பெண்டிங் செக்டார்’ இரண்டும் 0 என்றால் நல்லது. இரண்டாவதில் எண் ஏறியிருந்தால், டிஸ்க் சில இடங்களைப் படிக்க முடியாமல் திணறுகிறது என்று பொருள். மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு ஃபைல்களை முதலில் வெளியே எடுங்கள்.

வாங்க வேண்டியவை

எஸ்எஸ்டிதான் முதல் செலவு, ரேம் இரண்டாவது. கடையில் ‘ரேம் போட்டால் பறக்கும்’ என்பார்கள். சுழலும் டிஸ்க்கை வைத்துக்கொண்டு ரேம் ஏற்றினால் பூட் ஆகும் நேரம் பெரிதாகக் குறையாது. 5400 ஆர்பிஎம் டிஸ்க் ஒரே நீளமான ஃபைலை விநாடிக்கு 100 எம்பி அளவில் படித்துவிடும். ஆனால் ஓஎஸ் கேட்பது அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை. அவற்றைப் படிக்கும்போது அதே டிஸ்க் விநாடிக்கு 1 எம்பிகூடத் தாண்டாது. சாட்டா (பழைய ஹார்ட் டிஸ்க்கின் அதே இணைப்பு) எஸ்எஸ்டி அந்த வேலையை எத்தனையோ மடங்கு வேகமாகச் செய்கிறது. நீளமான ஃபைலைப் படிக்கும் வேகத்தை மட்டும் வைத்து 500 எம்பி என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். உங்களுக்கு நிஜமான லாபம் சின்னத் துண்டுகளைப் படிப்பதில்.

2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி போதும். தடிமன் 7 மி.மீ. இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் 9.5 மி.மீ. என்றால் எஸ்எஸ்டி உள்ளே ஆடும். டிஸ்க் இரும்புத் தட்டில் ஸ்குரூ போட்டு நிற்கும் மாடலில் கவலையில்லை. வெறுமனே பள்ளத்தில் உட்காரும் மாடலில் 2.5 மி.மீ. பிளாஸ்டிக் சட்டம் ஒன்று வைக்க வேண்டும். பெயர் தெரியாத பிராண்டில் நம்ப முடியாத விலைக்கு 1 டிபி கிடைத்தால் தொடாதீர்கள். உள்ளே கொஞ்சமே இடம் இருக்க, அதிகமாகக் காட்டும்படி மாற்றிய போலிகள் சந்தையில் உண்டு. சந்தேகம் இருந்தால் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3: முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும்.

ரேமில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 204 பின் டிடிஆர்3 லேப்டாப் ரேமில் இரண்டு ரகம்: 1.5 வோல்ட் டிடிஆர்3, 1.35 வோல்ட் டிடிஆர்3எல். ஸ்டிக்கரில் ‘பிசி3’ என்று இருந்தால் முதலாவது, ‘பிசி3எல்’ என்றால் இரண்டாவது. இன்டெல் 4ஆம் தலைமுறை லேப்டாப்கள், அந்தக் காலத்துச் செலரான், பென்டியம் என்-வரிசை எல்லாம் பிசி3எல் மட்டுமே ஏற்கும். பிசி3 போட்டால் திரை வராது, பீப் அடிக்கும். அல்லது அதுவும் இருக்காது. 2, 3ஆம் தலைமுறையில் பொதுவாக இரண்டுமே ஓடும். ஆகவே தயக்கம் இருந்தால் பிசி3எல் கேளுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் கழற்றிய ரேம் மலிவாகக் கிடைக்கும். ரேம் லேசில் கெடாது என்பதால் பழையது வாங்கலாம், மாற்றித் தருவதாகச் சொல்லும் கடையில். டிடிஆர்3இல் ஒரு ஸ்லாட்டுக்குப் பொதுவாக 8 ஜிபிதான் உச்சம்.

கூடவே யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் கேஸ் ஒன்று வாங்குங்கள், பழைய டிஸ்க்கைப் போட. ஸ்டார் முனை 0, 1 அளவு ஸ்குரூ டிரைவர்கள், பழைய ஏடிஎம் கார்டு ஒன்று, ஸ்குரூ போட்டு வைக்க முட்டை அட்டை அல்லது மாத்திரைப் பெட்டி: இவ்வளவுதான் கருவி.

கழற்றுவதற்கு முன் விண்டோஸில் இரண்டு வேலை

முதலாவது, டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ அல்லது பிட்லாக்கர் ஆனாக இருந்தால் அதை அணைத்து, முழுவதும் அவிழும் வரை காத்திருங்கள். அணைக்க விருப்பமில்லை என்றால் 48 இலக்க ரெகவரி கீயை எழுதி வையுங்கள். அது இல்லாமல் வெளியே எடுத்த டிஸ்க் வெறும் இரும்பு.

இரண்டாவது, உண்மையாக ஷட் டவுன் செய்வது. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ ஆனாக இருந்தால் ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான். அந்த நிலையில் கழற்றிய டிஸ்க்கை லினக்ஸில் சொருகினால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. ஷிஃப்ட் கீயைப் பிடித்தபடி ஷட் டவுன் கிளிக் செய்தால் முழுதாக அணையும்.

திறந்து மாற்றுவது

சார்ஜரை எடுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடலில், அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் கனெக்டரை உருவுங்கள். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ அடிமூடி உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கிவிட்டது. அதை நெம்பாதீர்கள், குத்தாதீர்கள். கடையில் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பழைய மாடல்களில் அடியில் சின்ன மூடி இருக்கும். ஒன்றிரண்டு ஸ்குரூவில் டிஸ்க்கும் ரேமும் கைக்கு வந்துவிடும். அடிமூடி முழுவதும் ஒரே துண்டு என்றால் எல்லா ஸ்குரூவையும் எடுக்க வேண்டும். நீளம் ஒன்றுபோல இருக்காது. நீளமானதைக் குட்டையின் துளையில் முடுக்கினால் மேலே கீபோர்டுப் பக்கம் பிளாஸ்டிக்கில் புடைக்கும். எங்கிருந்து எடுத்தது என்று போட்டோ எடுத்து, அதே வரிசையில் அட்டையில் போடுங்கள். எல்லாம் எடுத்தும் மூடி வரவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். ரப்பர் பாதத்துக்கு அடியிலோ டிவிடி டிரைவ் பின்னாலோ இன்னொரு ஸ்குரூ ஒளிந்திருக்கும். சில மாடல்களில் கீபோர்டைத் தூக்கினால்தான் வழி. கீபோர்டின் தட்டைக் கேபிளை இழுக்கக் கூடாது: கனெக்டரில் கறுப்பாகவோ பழுப்பாகவோ மெல்லிய தாழ்ப்பாள் இருக்கும், அதை நகத்தால் மேலே தூக்கினால் கேபிள் தானே வழுவி வரும். தாழ்ப்பாள் உடைந்தால் மதர்போர்டு வேலை ஆகிவிடும்.

டிஸ்க்கைக் கனெக்டரிலிருந்து நேராகப் பக்கவாட்டில் இழுங்கள். அதன் தட்டைக் கழற்றி எஸ்எஸ்டியில் மாட்டி, அதே வழியில் உள்ளே தள்ளுங்கள். ரேமை 30 டிகிரி சாய்வில் செருகி, தங்க நிறக் கோடு மறையும்வரை தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் இருபுறமும் ‘க்ளிக்’ என்று பூட்டும். ரேம் மாற்றிய பின் திரை வராததற்கு முக்கால்வாசிக் காரணம் முழுதாக உள்ளே போகாததுதான்.

உள்ளே திறந்தது திறந்தாகிவிட்டது, விசிறியையும் தூசி தட்டுங்கள். ஊதும்போது இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். தெர்மல் பேஸ்டை இப்போது தொடாதீர்கள். சூடு அதிகம் என்று தெரிந்தால் தனியாக ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

நிறுவுவது

மூடியை முழுக்க ஸ்குரூ போடுவதற்கு முன் ஒரு முறை ஆன் செய்து, பயாஸில் எஸ்எஸ்டியின் பெயரும் ரேமின் அளவும் தெரிகிறதா பாருங்கள். சாட்டா மோட் ‘ஏஎச்சிஐ’ என்று இருக்க வேண்டும். ‘ரெய்டு’ அல்லது ‘ஆர்எஸ்டி’ என்று இருந்தால் சில மாடல்களில் லினக்ஸ் டிஸ்க்கைக் காட்டாது. மாற்றினால் எழுதி வையுங்கள்: பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டும்போது பழைய மோடில் வைக்காவிட்டால் விண்டோஸ் நீலத் திரையில் விழும்.

பென்டிரைவில் பூட் செய்து, டெதரிங்கோ வைஃபையோ இணைத்து, திரையில் உள்ள ‘இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்’ ஐகானைத் திறங்கள்.

1. மொழி: ஆங்கிலமே வையுங்கள். தமிழிலும் நிறுவலாம், ஆனால் பிழைச் செய்தியைத் தேடும்போது ஆங்கிலத்தில் இருந்தால்தான் விடை கிடைக்கும்.
2. கீபோர்டு: ‘இங்கிலிஷ் யுஎஸ்’. தமிழ் பிறகு.
3. ‘மல்டிமீடியா கோடெக்ஸ்’ கட்டத்தில் டிக்.
4. ‘இரேஸ் டிஸ்க் அண்ட் இன்ஸ்டால்’. பழைய டிஸ்க் வெளியே இருப்பதால் இதை அஞ்சாமல் அழுத்தலாம். எஸ்எஸ்டியின் அளவு சரியாகக் காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். பென்டிரைவோ வேறு யூஎஸ்பி டிஸ்க்கோ தேர்வாகியிருக்கக் கூடாது.
5. ஊர் (நேரம் அமைக்க): இந்தியாவில் கொல்கத்தா, இலங்கையில் கொழும்பு.
6. பெயர், பாஸ்வேர்டு. இந்தப் பாஸ்வேர்டை மென்பொருள் நிறுவும்போதெல்லாம் கேட்கும். ஆங்கிலச் சின்ன எழுத்தில், நினைவில் நிற்கும்படி.

நிறுவும்போது பாதியில் ‘ஸ்குவாஷ்எஃப்எஸ்’ என்று ஏதோ பிழை வந்து நின்றால் பென்டிரைவ் சரியாகப் படிக்கவில்லை. வேறு பென்டிரைவில், வேறு யூஎஸ்பி துளையில் முயலுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் ரேம்மீது சந்தேகம். மெம்டெஸ்ட்86+ஐப் பென்டிரைவில் எழுதி ஒரு சுற்று முழுக்க ஓடவிடுங்கள். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் அந்த ரேம் திரும்பக் கடைக்கு.

நிறுவி முடிந்து ரீஸ்டார்ட் செய்ததும் ஏசர் சில சமயம் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று முகத்தைத் திருப்பும். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் பயாஸில் ‘செலக்ட் அன் யூஇஎஃப்ஐ ஃபைல் ஆஸ் டிரஸ்டட்’ என்ற வரியில் இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் ‘உபுண்டு’, அதற்குள் ‘ஷிம்’ என்று தொடங்கும் ஃபைலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்ட் போட்டதற்கு ஏன் உபுண்டு என்று குழம்ப வேண்டாம். மின்ட் உபுண்டுவின் மேல் கட்டியது, ஃபோல்டர் பெயரும் அப்படியே வந்துவிட்டது.

முதல் நாள் செய்ய வேண்டியவை

‘அப்டேட் மேனேஜர்’ திறந்து எல்லாவற்றையும் ஏற்றுங்கள். ‘ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்ற பொருளில் பிழை வந்தாலோ, ப்ரவுசரில் எல்லாத் தளமும் சான்றிதழ் பிழை காட்டினாலோ முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். லேப்டாப் பல மாதம் கிடப்பில் கிடந்திருந்தால் மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் சிமோஸ் பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். பல மாடல்களில் அது சிஆர்2032 காசு பேட்டரிதான், எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். சிலவற்றில் ஒயரோடு வரும்.

‘டைம்ஷிஃப்ட்’ ஓட்டி முதல் ஸ்னாப்ஷாட் எடுங்கள். பின்னால் ஏதாவது அப்டேட் கெடுத்தால் அந்த நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது சிஸ்டம் ஃபைல்களை மட்டுமே எடுக்கும். உங்கள் போட்டோவும் கடிதங்களும் அதில் வராது. அவற்றுக்கு வேறு பேக்கப்.

தமிழ். கீபோர்டு அமைப்பில் லேஅவுட்டாகவே தமிழைச் சேர்க்கலாம். ஆனால் தமிழ்99 பழகியவர்களுக்கு அது கையைக் கட்டியதுபோல இருக்கும், தானாகப் புள்ளி வைக்காது. ‘இன்புட் மெத்தட்’ நிரலைத் திறந்து, இடப்பக்கம் தமிழைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் செய்து, ஐபஸ் என்ற தட்டச்சு நிரலைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து வாருங்கள். பிறகு ஐபஸ் அமைப்பில் ‘தமிழ்99 – எம்17என்’ சேருங்கள். இப்போது ‘அம்மா’ அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு; முதல் ‘ம’வுக்குப் புள்ளி தானே விழும். ‘அம்மா’வை ஆங்கில ஒலியில் அடித்துப் பழகியவர்களுக்கு அதே பட்டியலில் ஃபொனெடிக் உண்டு. மாற்றுவதற்கு விண்டோஸ் கீயும் ஸ்பேஸும்.

லிப்ரே ஆஃபீஸில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: ஆங்கில எழுத்தின் ஃபாண்ட் மாறுகிறது, தமிழ் மாறவே மாட்டேன் என்கிறது. தமிழ் அங்கே ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ வகையில் சேரும். அதன் ஃபாண்டும் அளவும் தனி. ‘டூல்ஸ் – ஆப்ஷன்ஸ் – லாங்குவேஜஸ்’ பக்கத்தில் அதை ஆன் செய்து தமிழைத் தேர்ந்தெடுத்தால், ‘ஃபார்மட் – கேரக்டர்’ பெட்டியில் தமிழுக்கு என்று தனிப் பகுதி வந்துவிடும்.

பாமினி, வானவில் போன்ற ஃபாண்டுகளில் அடித்த பழைய கடிதங்கள் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஃபைல் கெடவில்லை, அந்த எழுத்துகள் யூனிகோடு (எல்லா இயந்திரங்களும் ஏற்கும் பொது எழுத்துக் குறியீடு) அல்ல. பழைய டிஸ்க்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘ஃபாண்ட்ஸ்’ இருக்கும். அங்கிருந்து அந்த ஃபாண்ட் ஃபைலை எடுத்து, உங்கள் ஹோம் ஃபோல்டரில் ‘.ஃபாண்ட்ஸ்’ என்று புள்ளியோடு தொடங்கும் ஃபோல்டர் ஒன்றை ஆங்கில எழுத்தில் உருவாக்கி அதில் போடுங்கள். புள்ளி இருப்பதால் ஃபோல்டர் மறைந்துகொள்ளும். கன்ட்ரோல்+எச் அழுத்தினால் தெரியும்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது

கேஸில் போட்டு யூஎஸ்பியில் சொருகினால் விண்டோஸ் ஃபைல்கள் எல்லாம் திறக்கும். ‘யூசர்ஸ்’ ஃபோல்டரில் உங்கள் பெயருக்குள் இருக்கும். டிஸ்க் டிக் டிக் என்று சத்தமிட்டு வராமல் போனால் உடனே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பழைய யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. ஸ்டிக்கரில் 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதிகம் கேட்கும் டிஸ்க்கை உள்ளே நீலமாக இருக்கும் துளையில் சொருகுங்கள்.

ஒரு முறை பழைய டிஸ்க்கை உள்ளே மாட்டி விண்டோஸ் ஓட்டினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். லினக்ஸ் கடிகாரச் சிப்பில் கிரீன்விச் நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. விண்டோஸில் நெட் வந்ததும் ‘சிங்க் நௌ’ கொடுத்தால் சரியாகிவிடும்.

இரண்டு மூன்று மாதம் கழித்து, பழைய விண்டோஸ் இனி வேண்டாம் என்று தெளிவானால், ஃபைல்களை வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டு அந்த டிஸ்க்கை ‘டிஸ்க்ஸ்’ நிரலில் ஃபார்மட் செய்து பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். 500 ஜிபி என்றால் 100 ஜிபியை லினக்ஸின் சொந்த டிஸ்க் வடிவமான எக்ஸ்ட்4 ஆக ஒதுக்குங்கள். டைம்ஷிஃப்ட் விண்டோஸ் வடிவங்களான என்டிஎஃப்எஸ்ஸிலோ எக்ஸ்ஃபாட்டிலோ ஸ்னாப்ஷாட் வைக்காது. மீதி எக்ஸ்ஃபாட்டாக இருந்தால் அடுத்தவர் விண்டோஸ் இயந்திரத்திலும் திறக்கும். ஸ்மார்ட் எண்களில் பெண்டிங் செக்டார் காட்டிய டிஸ்க்காக இருந்தால் இதற்கும் பயன்படுத்தாதீர்கள்.